இரண்டு முறை புதைக்கப்பட்டவள்

என் செல்ல மகளுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் கடவுள் கிருபையில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் அவர் பேச்சைக் கேட்பதில்லை, என் பேச்சை அவர் கேட்காததற்கு அது பழிவாங்குகிறது என்று நினைக்கிறேன். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, நாளைக்கு வருகிறேன் என்று சொன்ன குழாய்க்காரன் எந்த நாளைக்கு என்று சொல்லவில்லை. பெரிய மாமா போய்விட்டார் என்று போனில் சொன்னபோது நீ அழுத அழுகையில் எனக்கு அதற்குமேல் வாய் எழவில்லை. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதாம்மா என்று கேட்டாய், முடிஞ்சுது கண்ணு என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பொய் இல்லை, ஆனால் முழுதும் இல்லை. உன் கம்ப்யூட்டரில் குடும்ப மரம் ஒன்று வரைந்து வைத்திருக்கிறாயே, அதில் விளக்குக்காரத் தாத்தா கல்யாணம் எங்கே, எப்போது என்று ஒரு கட்டம் காலியாக இருக்கிறது, கண்டுபிடிச்சுக் கொடும்மா என்று வருஷக்கணக்காக என்னை நச்சரித்தாயே, அதைக் கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்த கதையைப் போனில் சொல்ல முடியாது. பகலில் படி, மாப்பிள்ளை பக்கத்து அறையில் இருக்கும்போது படி. பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதே, எழுதும்போதே என் முதுகுப் பக்கம் கதவைச் சாத்திவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்குத் தெரியும், என் அண்ணன், உன் மாமா, கல்யாணமே செய்துகொள்ளாமல் தெருமுனையில் அந்தப் பழைய வீட்டிலேயே இருந்தவர். தெரு விளக்கை ஏணி வைத்து ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் தாத்தா இருந்த வீடு, அதனால்தான் இன்றைக்கும் தபால்காரர் உட்பட எல்லோருக்கும் அது விளக்குக்காரர் வீடு. இதயம் பலவீனம், இனிமேல் படுக்கைதான் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து மாமாவுக்கு ஒரே ஆசை, பழைய கோவில் கல்லறையில் தாத்தாவின் குழியில் தன்னையும் வைக்க வேண்டும். அங்கே புதுக் குழி தோண்ட இடம் இல்லை, குடும்பக் குழி இருப்பவர்களுக்கு மட்டும்தான் திறப்பார்கள். நான் கோவிலின் பங்கு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே எழுத்து வேலை பார்க்கும் பெண்ணுக்குத் தூசி ஆகாது, வேலையோ பழைய புத்தகங்களோடு, அதனால் பேசுவதைவிடத் தும்முவது அதிகம், அப்பா அவளுக்குத் தும்மல்காரி என்றே பெயர் வைத்துவிட்டார். குழி யார் பேரில் இருக்கிறதோ அவர்கள் வழி வந்தவர்கள் என்று காட்ட வேண்டும் என்றாள். எங்கள் அப்பாவின் ஞானஸ்நானப் பதிவு வேண்டும், தாத்தா பாட்டியின் கல்யாணப் பதிவு வேண்டும். இதென்ன பெரிய விஷயம், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றேன்.

அடக்கப் பதிவேட்டை முதலில் எடுத்தாள். தாத்தா இருந்தார். சில வருஷம் கழித்துப் பாட்டி இருந்தாள், வயதானவள், விதவை, இன்னாருடைய மனைவி, அதே குழி. சரி என்று மூடப் போனவள் குழி எண்ணைப் பார்த்துவிட்டு இன்னொரு புத்தகத்தை இழுத்தாள். அக்கா, இது என்னன்னு பாருங்க என்றாள். லத்தீன் எழுத்து, அதுவும் அவசரத்தில் எழுதியது. ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்டரில் டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைப் படித்தே காலம் தள்ளியவள் நான், எனக்குப் படிக்கக் கஷ்டம் இல்லை. அது பெரிய காய்ச்சல் வந்த வருஷம், ஊரில் பாதிப் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடிய வருஷம். பக்கம் முழுக்க ஒரு வரி, ஒரு வரியாகச் சாவு, சாமியாருக்கு முழுதாக எழுதக்கூட நேரம் இல்லாமல் இருந்திருக்கிறது. அதன் நடுவில் பாட்டியின் பெயர். அதே பெயர், அதே விளக்குக்காரரின் மனைவி, அதே குழி. வயது இருபது. ஒரே பெண்ணை இருபது வயதில் ஒரு முறையும் கிழவியாக ஒரு முறையும் புதைத்திருக்கிறார்கள். தும்மல்காரி தும்மவில்லை. எழுத்துப் பிழையா இருக்கும்க்கா என்றாள், சொன்ன குரலிலேயே அவளுக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது. எங்கள் அப்பாவின் ஞானஸ்நானத்தை எடுக்கச் சொன்னேன். தாயின் பெயர் இருந்த இடத்தில் அவள் பெயர்தான். தேதியைப் பார்த்தேன். என் அப்பாவைப் பெற்றவள் அவர் பிறப்பதற்கு முன்பே மண்ணுக்குள் போய்விட்டவள். அப்பாவுக்குப் பின்னால் பிறந்த அத்தைகள், சித்தப்பா எல்லோருக்கும் அவள்தான் தாய். அந்த அலுவலகத்தில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, எனக்குக் கழுத்துக்குப் பின்னால் யாரோ ஈரத் துணியை வைத்த மாதிரி இருந்தது. கல்யாணப் பதிவு எங்கள் கோவில் புத்தகத்தில் எங்கேயும் இல்லை.

மாமாவிடம் சொல்லாமல் மறைத்துவிடலாம் என்றார் அப்பா, உன் அப்பாவுக்கு எதையும் மறைக்கத் தெரியாது, மாமா முகத்தைப் பார்த்ததும் அவரே பாதியை உளறிவிட்டார். மாமா ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர் இல்லையா, எதையும் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் நம்புவார். திரும்பச் சொல்லு என்றார், சொன்னேன். அவங்க பேரைச் சொன்னா திரும்ப மாட்டாங்க என்றார். பாட்டி சாகும்போது மாமாவுக்கு விவரம் தெரிந்த வயது, நான் கைக்குழந்தை. வாசலில் நின்று யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பாட்டி முதல் முறை திரும்பவே மாட்டாளாம், இரண்டாவது முறைதான், அதுவும் யாரையோ கூப்பிடுகிறார்கள், யார் என்று பார்ப்பது போலத் திரும்புவாளாம். காது மந்தம்னு நினைச்சோம், ஆனா அடுப்படியில தண்ணி கொதிக்கிற சத்தம் மாடியில இருந்தே கேக்கும் அவங்களுக்கு என்றார். அதற்குப் பிறகு இன்னொன்று சொன்னார். கொஞ்ச நாளாகவே மதியத்தில் சூப் குடித்துவிட்டுச் சாய்ந்திருக்கும்போது ஜன்னல் பக்கம் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாளாம். தெருவைப் பார்த்துக்கொண்டு, விளக்கு எப்போது ஏற்றுவார்கள் என்று காத்திருப்பது போல நிற்கிறாளாம். பாட்டின்னு கூப்பிட்டா தோள் லேசா அசையுது, பேரைச் சொன்னா அசையல என்றார். நான் அவருடைய மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அப்படி ஒரு காட்சி காட்டுகிற மாத்திரை அந்தப் பெட்டியில் ஒன்றும் இல்லை, அது எனக்குத் தெரியும்.

பாட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பெண் என்பது மட்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நானும் அப்பாவும் பஸ் ஏறினோம், பாலம் தாண்டும்வரை அப்பா முழங்காலைப் பற்றியும் தாண்டிய பிறகு டிரைவரைப் பற்றியும் குறை சொல்லிக்கொண்டு வந்தார். அங்கே சின்னக் கோவில், சாமியார் புத்தகத்தை எங்கள் கையில் கொடுத்துவிட்டு சாகக் கிடந்த யாருக்கோ பூசுதல் கொடுக்கப் போய்விட்டார். கல்யாணம் இருந்தது! உனக்கு உடனே போன் செய்ய வேண்டும் என்று கை பரபரத்தது. மாப்பிள்ளை விளக்குக்காரர், பெண்ணின் பெயர், வயது பத்தொன்பது, காய்ச்சல் வருஷத்துக்கு முந்தின வருஷம். கீழே சாட்சி என்று போட்ட இடத்தில் பெண்ணின் தங்கை தன் கையாலேயே பெயர் எழுதியிருக்கிறாள், உருண்டை உருண்டையான எழுத்து, பள்ளிக்கூடத்தில் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கியவளின் எழுத்து. எங்களுக்கு அப்படி ஒரு தங்கை இருந்ததே தெரியாது. ஒரு பேச்சில்கூட யாரும் சொன்னதில்லை. அவளைத் தேடினேன். ஞானஸ்நானம் இருக்கிறது, வளர்ந்த பிறகு வாங்கும் உறுதிபூசுதல் இருக்கிறது, அதோடு சரி. கல்யாணம் இல்லை, சாவு இல்லை, கன்னியர் மடத்துக்குப் போனாள் என்று ஒரு குறிப்பும் இல்லை. பிறந்தவள் சாகாமல் எங்கே போனாள்? சாமியார் திரும்பி வந்து, அந்தக் குடும்பத்தில் மிச்சம் இருப்பது கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு மருமகள்தான் என்றார். அவளிடம் போனோம். மெஷினை நிறுத்தாமலே பேசிக்கொண்டிருந்தவள் நான் தங்கையைப் பற்றிக் கேட்டதும் காலை எடுத்துவிட்டாள். எங்க மாமனார் சொல்லுவாரு, ரெண்டு பொண்ணு ஆத்தைத் தாண்டிப் போச்சு, ஒண்ணு செத்துப் போச்சு, ஒண்ணு பேரில்லாமப் போச்சு, எது எதுன்னு மட்டும் கேக்காதேன்னு. இதைச் சொல்லிவிட்டு அவள் எங்களை வாசல்வரை வந்து வழியனுப்பவும் இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது அப்பா யாரைப் பற்றியும் குறை சொல்லவில்லை.

மாமா கட்டிலுக்கு எதிரே தாத்தா பாட்டியின் கல்யாணப் படம் மாட்டியிருக்குமே, ஞாபகம் இருக்கிறதா, நீ சின்னவளாக இருக்கும்போது அந்தப் பக்கம் தலை வைத்துத் தூங்க மாட்டாய். நானும் அப்படித்தான் இருந்தேன், ஏன் என்று ஒரு நாளும் தெரிந்ததில்லை. தாத்தா விளக்கேற்றும் தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்தவர் தன் வாசல் விளக்கைத் தாத்தா முதலில் ஏற்றுகிறார் என்ற சந்தோஷத்தில் காசு வாங்காமல் எடுத்துக் கொடுத்தது என்று சொல்வார்கள். பாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், முக்காட்டுத் துணி தோளில் விழுந்திருக்கும், அவள் தோளில் ஒரு கை இருக்கும். தாத்தா அன்பாகக் கை வைத்திருக்கிறார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக மாமா வீட்டுக்குத்தான் போனோம். நாங்கள் சொன்னதைக் கேட்டு முடித்ததும் மாமா அந்தப் படத்தையே பார்த்தார். தாத்தா கை ரெண்டும் தொப்பியில இருக்கு என்றார். எழுந்து போய்ப் பார்த்தேன். இருக்கிறது. இரண்டு கையாலும் தொப்பியை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இத்தனை வருஷம் எத்தனை பேர் பார்த்த படம், ஒருவருக்கும் அது தோன்றவில்லை. தோளில் இருக்கும் கை யாருடையது? அப்பா படத்தை இறக்கிச் சட்டத்தின் ஆணிகளைக் கழற்றினார். உள்ளே வைத்திருந்த அட்டை ஒரு பக்கம் அகலமாக வெட்டப்பட்டிருந்தது, படத்தின் ஓரத்தை மறைப்பதற்காகவே வெட்டியது. அட்டையை எடுத்தால் அங்கே ஒரு பெண் நிற்கிறாள். அக்காவின் முக்காட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, மற்றக் கையை அக்காவின் தோளில் வைத்துக்கொண்டு, நேராக நம்மைப் பார்த்துக்கொண்டு. இடது கண் இமை கொஞ்சம் தாழ்ந்திருந்தது. மாமா படத்தைக் கையில் வாங்கினார். இவங்கதான் என்றார். இவங்கதான் என்னைத் தூக்கி வளர்த்தவங்க, அந்த இமை சாகும்வரை அப்படித்தான் இருந்துச்சு, நாற்காலியில இருக்குறவங்களை எனக்குத் தெரியாது என்றார். அப்போது அறையில் மண்ணெண்ணெய் வாசனை வந்தது. அந்த வீட்டில் மண்ணெண்ணெய் வைத்து எத்தனை காலம் ஆகிறது! அப்பாவுக்கும் வந்தது, எழுந்து போய்ச் சமையலறையில் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார்.

இத்தனைக்கும் குழிக்கு வேண்டிய காகிதம் கைக்கு வந்துவிட்டது, அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். தும்மல்காரி கல்யாணப் பதிவின் நகலைப் பார்த்துவிட்டுப் பேரெல்லாம் பொருந்துதுக்கா, இது போதும், முத்திரை போட்டுத் தர்றேன் என்றாள். நான் சந்தோஷமாக வந்து சொன்னேன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. பொய் சிக்னல்ல நான் வண்டி விட மாட்டேன் என்றார். அது செத்துப் போன அக்காவோட கல்யாணம், நம்ம அப்பாவைப் பெத்தவங்க கல்யாணம் எங்கே, அவங்க கல்யாணம் கட்டிக்கிட்டாங்களா, இல்ல ஊருக்குப் பயந்து இன்னொருத்தி பேருக்குள்ள ஒளிஞ்சு கிடந்தாங்களா, அது தெரியாம அந்தக் குழியில என்னால படுக்க முடியாது என்றார். உங்கள் தலைமுறைக்கு இது வேடிக்கையாக இருக்கும். கோவில் கல்யாணம் இல்லாமல் பிறந்த பிள்ளை என்றால் அந்தக் காலத்தில் என்ன பேச்சு பேசுவார்கள் என்று கேட்டு வளர்ந்தவர் அவர். அதற்காக மட்டும் இல்லை. அவளுக்காகவும்தான். ஜன்னல் பக்கம் நிற்கிறவள் எதற்காக நிற்கிறாள் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்த நாட்களில் நான் அவருக்கு மருந்து கொடுக்கப் போனால் ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நடக்க மாட்டேன், சுற்றிக்கொண்டுதான் போவேன், யாரும் சொல்லாமலே கால் அப்படிப் பழகிவிட்டது.

பங்குச் சாமியார் மாமாவுக்கு நற்கருணை கொண்டுவந்த அன்று படத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னோம். அவர் நிதானமாகக் கேட்டார். மனைவி செத்த பிறகு அவள் தங்கையைக் கட்டுவதென்றால் சபைச் சட்டத்தில் அப்போது தடை உண்டும்மா, ஆயர், அதாவது பிஷப், தடையை நீக்கிக் கொடுத்தாத்தான் முடியும் என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, ரகசியத் திருமணம்னு ஒண்ணு உண்டு, பெரிய காரணம் இருந்தா கோவில்ல ஓலை வாசிச்சு அறிவிக்காம, ஊருக்குச் சொல்லாம, சாமியார் முன்னாடி ரெண்டு சாட்சியோட முடிச்சிடுவாங்க, பங்குப் புத்தகத்துல எழுத மாட்டாங்க, ஆயர் வீட்டுல பூட்டி வைக்கிற தனிப் புத்தகத்துலதான் எழுதுவாங்க என்றார். அதைத் திறக்க ஆயரே அனுமதி கொடுக்க வேண்டும். சாமியார் கடிதம் எழுதினார், நாங்கள் காத்திருந்தோம், மாமா நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் கையைக் கூப்பி, இன்னும் கொஞ்சம் நில்லுங்க, கேட்டுட்டு வர்றாங்க என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். அப்பா கழிப்பறைக்குப் போகிற மாதிரி எழுந்து வெளியே போய்த் தெருவில் நின்றுகொண்டார்.

ஆயர் இல்லத்திலிருந்து கூப்பிட்டார்கள். நான் தனியாகத்தான் போனேன். நீளமான தாழ்வாரம், கடைசி அறையில் ஆயரின் செயலர், மேசையில் மெல்லிய கறுப்புப் புத்தகம், கையுறை போட்டுக்கொண்டு திறந்தார். நகல் எடுக்க முடியாது, வாசிக்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள், சான்றிதழ் மட்டும் எழுதித் தருகிறேன் என்றார். வாசித்தார். விளக்குக்காரர், மனைவியை இழந்தவர். மணப்பெண் என்ற இடத்தில் அந்தத் தங்கையின் பெயர். அவளுடைய சொந்தப் பெயர். அந்தக் காலத்தில் எங்கள் கோவிலில் இருந்த சாமியார் ஆயருக்கு எழுதிய காரணமும் கூடவே இருந்தது. காய்ச்சல் நேரத்தில் புதுப்பெண்ணாக வந்த அக்காவைப் பார்த்துக்கொள்ளத் தங்கை வந்திருக்கிறாள். தெருவில் ஆள் இல்லை, அக்கா செத்ததைச் சாமியாரும் குழி வெட்டினவரும் விளக்குக்காரரும் அவளும்தான் பார்த்தார்கள். அடக்கம் முடிந்த பிறகு ஆற்றைத் தாண்ட யாரையும் விடவில்லை, அவளால் வீட்டுக்குத் திரும்ப முடியவில்லை. காய்ச்சல் ஓய்ந்து ஊர் திரும்பி வந்தபோது புதுப்பெண்ணை முக்காட்டோடு மட்டுமே பார்த்திருந்த எதிர்வீட்டுக்காரி விளக்குக்காரர் வாசலில் அதே சாயலில் ஒரு இளம்பெண் நிற்பதைப் பார்த்து, கல்யாணத்தில் கேட்ட பெயரைச் சொல்லி, நீயாவது பிழைச்சியே தாயி என்று கட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள். அழுகிறவளிடம் நான் அவள் இல்லை என்று சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை. மறுநாள் இன்னொருத்தி கூப்பிட்டாள். பிறகு கடைக்காரர். அப்படியே ஒரு ஊர் முழுக்கச் செத்தவளின் பெயரால் அவளைக் கூப்பிட்டது, அவள் அந்தப் பெயருக்குள் நின்றாள். ஒரே வீட்டில் இப்படி இருப்பது பாவத்தில் முடியும் முன் மணமுடித்து வைக்க அனுமதி கேட்கிறேன், உண்மையைச் சொன்னால் இந்தப் பெண்ணை ஊர் கல்லால் அடிக்கும் என்று எழுதியிருந்தார் அந்தச் சாமியார். எங்கள் அப்பா பிறந்தது அந்தக் கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான். செயலர் புத்தகத்தை மூடிவிட்டு, இந்தப் பெயரைப் பற்றிக் கேட்டு இதுவரை யாரும் வந்ததில்லை என்றார். சாகும்போதுகூட அக்காவின் பெயரில்தானே அவளைப் புதைத்தார்கள். கதவைச் சாத்திய பிறகாவது விளக்குக்காரர் அவளை அவள் பெயரால் கூப்பிட்டிருப்பாரா? அதை எந்தப் புத்தகத்தில் போய்ப் பார்ப்பது?

வீட்டுக்கு வந்ததும் மாமாவின் காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். மதியம்தான், நல்ல வெயில், தெருவில் ஒரு சத்தமும் இல்லை, அப்பா கட்டிலின் கால்மாட்டில் நின்றார். கல்யாணம் முடிஞ்சுதான் அப்பா பிறந்தாங்க என்றதும் மாமா கண்ணை மூடித் திறந்தார். பேரு என்ன என்றார். சொன்னேன். திரும்பச் சொல்லு என்றார். திரும்பச் சொன்னேன். அவர் தலையைத் தலையணையில் மெதுவாகத் திருப்பி ஜன்னலைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பாட்டி என்று சொல்லவில்லை, வெறும் பெயர், வாசலில் விளையாடும் ஒரு பெண்ணைச் சாப்பிடக் கூப்பிடுவது போல. நான் எதையும் பார்க்கவில்லை மகளே, உன் மேல் சத்தியமாக எதையும் பார்க்கவில்லை. திரைச்சீலைகூட அசையவில்லை. ஆனால் நான் மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகைக் காட்டி நிற்கும் ஒருவர் நம்மைத் திரும்பிப் பார்த்தால் நம் முகம் எப்படி மாறும், அப்படி மாறியது. பயப்படவில்லை. சிரித்தார். மண்ணெண்ணெய் வாசனை ஒரு முறை குப்பென்று வந்து, யாரோ திரியை ஊதி அணைத்தது போல நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பெண் நிற்பதாக அவர் சொல்லவே இல்லை, நானும் கேட்கவில்லை, ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவிலேயே நடக்கத் தொடங்கினேன். அந்த வாரக் கடைசியில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

குழியைத் திறந்தபோது நான் எட்டிப் பார்க்கவில்லை. குழி வெட்டுகிறவர்தான் வந்து சொன்னார், அடியில் பழைய பெட்டி ஒன்றின் கைப்பிடிகள், அதை ஒட்டி இன்னொரு பெட்டியின் கைப்பிடிகள், எதிர்ப்பக்கம் தாத்தாவுடையது. இவ்வளவு இடம் கிடக்கும்போது ஏன் ரெண்டையும் இப்படி நெருக்கி வெச்சாங்கன்னு தெரியல என்றார். எனக்குத் தெரிந்தது, அக்காவுக்குப் பக்கத்திலேயே தன்னை வைக்கச் சொல்லியிருப்பாள் தங்கை. மாமாவை அவர்களுக்கு மேல் வைத்தோம், ஜெபம் சொன்னோம், தும்மல்காரியும் வந்திருந்தாள், முத்திரை போட்ட காகிதத்தை ஆயர் இல்லத்துச் சான்றிதழோடு சேர்த்துத் தன் கையாலேயே கொண்டுவந்தாள். பிறகு கல்வெட்டுகிறவரைக் கூப்பிட்டோம். கல்லில் அக்காவின் பெயர் ஏற்கெனவே இருக்கிறது, அதை அழிக்க வேண்டாம், அது அவளுடையது. அதன் கீழே தங்கையின் பெயரை வெட்டச் சொன்னேன். சாமியார் சம்மதித்துவிட்டார், இனி இந்த ரகசியத்தால காயப்படுறவங்க யாரும் உயிரோட இல்லையே என்றார். உறவு என்ன போடணும் என்று கேட்டார் கல்வெட்டுகிறவர், மனைவியா, தங்கச்சியா. ரெண்டும் போடுங்க என்றேன். ரெண்டுக்கும் சேர்த்துக் கூலி ஆகுமே என்றார், அப்பா என்னை முந்திக்கொண்டு ஆகட்டும் என்றார், உன் அப்பா பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இனி நான் சொல்ல வந்தது. இவ்வளவையும் படித்துவிட்டு உனக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் தயங்கித் தயங்கி எழுதினேன். பாட்டியின் ஞாபகமாக உனக்கு அந்தப் பெயரை வைத்தது மாமாதான், தொட்டிலில் குனிந்து மூன்று முறை கூப்பிட்டவரும் அவர்தான். பாட்டியின் பெயர் என்று நினைத்து வைத்தது, இருபது வயதில் காய்ச்சலில் செத்தவளின் பெயராகப் போய்விட்டது. ஐயோ என்று இருக்கும். எனக்கும் இருந்தது, நான்கைந்து நாள் உன்னைக் குட்டியின் அம்மா என்றுதான் மனதுக்குள்ளேகூடச் சொல்லிக்கொண்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். அக்கா அந்தப் பெயரில் அரைகுறையாக வாழ்ந்தாள். தங்கை அதை இரவல் சட்டை மாதிரி போட்டுக்கொண்டு திரிந்தாள். படித்து, வேலைக்குப் போய், கடல் தாண்டி, பிள்ளை பெற்று, அந்தப் பெயரில் முழுதாக வாழ்ந்துகொண்டிருப்பவள் நீ ஒருத்திதான். நேற்று மாமா வீட்டைக் கூட்டிப் பெருக்கப் போனேன். அப்பா திண்பண்டம் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். கட்டில் காலி, ஜன்னல் திறந்திருந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்த அறையின் நடுவில் நின்று, உன் பெயரைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிட்டேன். நின்று கேட்டேன். மாடிப்படி, அடுப்படி, வாசல், எல்லா இடமும் காது கொடுத்துக் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. அந்த வீட்டில் அந்தப் பெயருக்கு இனி ஆள் இல்லை. அது உன்னுடையது.

குடும்ப மரத்தில் விளக்குக்காரத் தாத்தாவுக்குப் பக்கத்தில் இரண்டு கட்டம் போடு, ஒன்றில் அடக்கிவிடாதே. தங்கையின் பெயரைத் தனித் தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன், எழுத்துப் பிழை இல்லாமல் பார்த்து எழுது. குட்டிக்குத் தடுப்பூசி தேதி நெருங்குகிறது, மறந்துவிடாதே, காய்ச்சல் கண்டால் நீயாக மருந்து கொடுக்காமல் எனக்குப் போன் செய்துவிட்டுக் கொடு. கடவுளும் மாதாவும் உங்கள் மூவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், மாமாவும் அவரோடு இருப்பவர்களும் உங்களுக்காக வேண்டிக்கொள்வார்கள். கடிதம் கிடைத்ததும் கூப்பிடு, எடுத்ததும் அம்மா என்று மட்டும் சொல், மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

குட்டியின் இரண்டு கன்னத்திலும் என் முத்தத்தை ஒட்டிவிடு.

உன்னைப் பெற்றவளும், பக்கத்தில் நின்று இதை எட்டி எட்டிப் படிக்கும் உன் அப்பாவும்.